பாறையில் உறைந்த காந்தமும் பேரழிவின் காலமும்

சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். புனேயைக் கடந்து லோனாவளாவை அடைந்த வண்டி, அங்கிருந்து போர்க் கணவாய் வழியாகக் குகைகளுக்குள் புகுந்தும் வெளிப்பட்டும் கர்ஜத்தை நோக்கிக் கீழே இறங்கும். அப்பொழுது சாளரத்தின் வழியே தெரியும் மலைகள் நம் தென்னாட்டுக் குன்றுகளைப் போல உருண்டு திரண்டவை அல்ல. உச்சி தட்டையாகவும், பக்கங்கள் படிபடியாகவும் அமைந்தவை. ஒரு பெரிய அரக்கன் ஏறி இறங்குவதற்காகக் கட்டிய படிக்கட்டோ என்று எண்ணத் தோன்றும். நிலநூலார் இப்பாறைகளுக்கு இட்ட பெயரும் அதுவே. ‘தக்காண டிராப்’ என்பதிலுள்ள ‘டிராப்’ என்னும் சொல், ஸ்வீடன் நாட்டு மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

அந்தப் படிகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கொதித்து ஓடிய நெருப்பு ஆறு. பூமியின் பிளவுகளினின்றும் பொங்கிய குழம்பு பரவி, ஆறி, கறுத்த பசால்ட் பாறையாக இறுகியது. அதன்மேல் மற்றொன்று, அதன்மேல் வேறொன்று என்று அடுக்கடுக்காகப் படிந்து, மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனம் கொண்டுவிட்டது. காலத்தால் தேய்ந்தது போக, இன்றும் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இப்பாறை கிடக்கிறது. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது இந்தப் பாறையில்தான். மும்பை, புனே, நாசிக், நாகபுரி ஆகிய நகரங்களில் வாழும் தமிழ் மக்கள் நாள்தோறும் இதன்மீதே நடமாடுகிறார்கள்.

இந்த நெருப்பு ஆறுகள் ஓடியது எப்பொழுது? இக்கேள்வி நிலநூலாருக்கு மட்டும் உரியதன்று. ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகில் ஒரு பேரழிவு நேர்ந்தது. நிலத்தில் டைனோசார் என்னும் பேருருவ விலங்குகள், இன்றைய பறவைகளாக எஞ்சிய ஒரு கிளை தவிர, அடியோடு மறைந்தன. கடலில் சுருள் ஓட்டையுடைய அம்மோனைட்டுகள் மறைந்தன. அன்று வாழ்ந்த உயிரினங்களில் நான்கில் மூன்று பங்கு அழிந்திருக்கலாம் என்பது அறிஞர் மதிப்பீடு. அப்பேரழிவும் தக்காணத்தின் நெருப்பும் ஒரே காலத்தவையா? நிலத்து உயிர்களும் கடல் உயிர்களும் ஒரே வேளையில் மாண்டனவா, அல்லது ஒன்றன்பின் ஒன்றாக, பல லட்சம் ஆண்டு இடைவெளியில் மாண்டனவா? காலம் தெரியாமல் காரணம் கூற இயலாது. கொலை நடந்த நாழிகை தெரியாவிட்டால் குற்றவாளியைத் தேடுவது எப்படி?

காலத்தை அறிவதில் கடல் எளிது; நிலம் கடினம். ஆழ்கடலின் அடியில் சேறு அமைதியாகப் படிந்துகொண்டே வருகிறது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் அதில் கோடிக்கணக்காகச் சேர்கின்றன. இவ்வுயிர்கள் உலகக் கடல்கள் எங்கும் பரவி வாழ்வன ஆதலால், இத்தாலியில் உள்ள ஒரு படிவையும் பசிபிக் கடலடிப் படிவையும் அவற்றைக் கொண்டு ஒப்பிட்டுவிடலாம். நிலத்திலோ ஆறு இன்று மணலைக் கொணர்ந்து சேர்க்கும். நாளை வெள்ளம் அதையே அரித்துக்கொண்டு போகும். கணக்குப் புத்தகத்தில் பாதி ஏடுகள் கிழிந்துபோனது போன்ற நிலை. மேலும், வட அமெரிக்காவில் வாழ்ந்த விலங்கு ஜபல்பூரில் வாழவில்லை. ஜபல்பூரில் வாழ்ந்தது அங்கே இல்லை. நிலத்துக்கும் கடலுக்கும், ஒரு கண்டத்துக்கும் மற்றொரு கண்டத்துக்கும் பொதுவான ஓர் அடையாளம் வேண்டும். ஒரு சிற்றூரில் வீட்டுக்கு வீடு கடிகாரம் வெவ்வேறு நேரம் காட்டினாலும், கோயில் மணி ஒலித்தவுடன் எல்லாத் தெருவினரும் ஒரே வேளையை அறிந்துகொள்வார்கள் அல்லவா? உலகம் முழுவதும் கேட்கும் அத்தகைய மணியொன்றைப் பூமியே அடிக்கிறது. அதுதான் பூமியின் காந்தம்.

நமது காலடியிலிருந்து ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு சுழன்றுகொண்டிருக்கிறது. அச்சுழற்சியால் மின்னோட்டமும், மின்னோட்டத்தால் காந்த ஆற்றலும் பிறக்கின்றன. மாலுமியின் காந்த ஊசி வடக்கு நோக்குவது இதனால்தான். எரிமலைக் குழம்பில் மாக்னடைட் எனப்படும் காந்தக் கனிமத்தின் சிறு துகள்கள் உண்டு. குழம்பு ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்துடன் வெளிவரும்பொழுது அத்துகள்களுக்குக் காந்தத் தன்மை இராது. அது ஆறி 580 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே வரும்பொழுதுதான் அவை காந்தமாகின்றன. அன்று பூமியின் காந்தம் எத்திசையில் இருந்ததோ அத்திசையையே ஏற்றுக்கொள்கின்றன. பாறை முழுதும் ஆறியபின் அத்திசை உறைந்துவிடுகிறது. ஆற்றுச் சேற்றிலும் ஏரிச் சேற்றிலும் இத்தகைய துகள்கள் உண்டு. நீரில் அமைதியாகப் படியும்பொழுது அவையும் சிறு ஊசிகளைப் போலத் திரும்பி அமைந்து, சேறு கல்லானபின் அந்நிலையிலேயே தங்கிவிடுகின்றன.

இதில் வியப்பு யாதெனில், பூமியின் காந்தம் என்றும் வடக்கு நோக்கியதாகவே இருந்ததில்லை. பிரான்சு நாட்டின் பெர்னார் புரூன் என்னும் அறிஞர் 1905ஆம் ஆண்டில், தம் நாட்டின் மலைப்பகுதியொன்றில் எரிமலைக் குழம்பினால் சுடப்பட்ட களிமண் படிவை ஆராய்ந்தார். செங்கல் சூளையில் சுட்டது போன்ற அந்த மண்ணும், அதன்மேல் இருந்த எரிமலைப் பாறையும், இன்றைய திசைக்கு நேர் எதிரான காந்தத்தைக் கொண்டிருந்தன. 1929இல் ஜப்பானின் மோட்டோனோரி மத்துயாமா, இவ்வாறு மாறிய திசையுடைய பாறைகள் ஒரு குறிப்பிட்ட காலத்தவை என்று காட்டினார். பலர் இதை நம்பவில்லை. பாறையே தன் காந்தத்தைத் தலைகீழாக்கிக் கொண்டிருக்கலாம் என்றார்கள். அத்தகைய பாறைகள் சில இருப்பதும் உண்மையே. ஆனால் 1960களில் ஆலன் காக்ஸ், ரிச்சர்டு டோயல், பிரென்ட் டால்ரிம்பிள் ஆகிய அமெரிக்க அறிஞர் மூவர் பல இடங்களின் எரிமலைப் பாறைகளுக்கு வயது கணித்து, ஒரே வயதுடையவை எங்கிருந்தாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்று நிலைநாட்டினர். மாறியது பாறையன்று, பூமியே என்பது தெளிவாயிற்று.

நாம் வாழும் இப்போதைய நிலை தொடங்கிச் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் காந்த ஊசி இருந்திருந்தால் அது தெற்கையே காட்டியிருக்கும். திசை மாறி முடியச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆகும். கோடிக்கணக்கான ஆண்டுகளின் கணக்கில் அது ஒரு கணம். அது நிலம், கடல் என்று பாராமல் உலகெங்கும் ஒருங்கே நிகழ்கிறது. இம்மாற்றங்களுக்கு ஒழுங்கான இடைவெளி இல்லை. சில நிலைகள் சில பதினாயிரம் ஆண்டுகளில் முடிந்தன. டைனோசார்களின் காலத்தில் ஒரு நிலை மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. ஒழுங்கின்மையே இங்கே நமக்கு உதவி. ‘நேர்’, ‘நிரை’ என்னும் இரண்டே அசைகளைக் கொண்டு நம் புலவர்கள் எத்தனை பாக்களை யாத்தார்கள்! ஓர் அசையைக் கேட்டால் இன்ன பாட்டு என்று சொல்ல இயலாது. ஓர் அடி முழுவதையும் கேட்டால் அதன் ஓசை நமக்குப் பிடிபடும். அதுபோலவே, நேர்நிலை, மறுநிலை என்னும் இரண்டும் குறுகியும் நீண்டும் மாறிமாறி வரும் வரிசையைப் பார்த்தே அறிஞர்கள் இது காலப் பாட்டின் இன்ன அடி என்று கண்டுகொள்கிறார்கள். ஐயம் நேராதபடி, அவ்வரிசையில் ஓரிடத்திலேனும் எரிமலைச் சாம்பல் போன்ற ஒன்று கிடைத்து, அதன் வயது தனியே கணிக்கப்படுவது நல்லது.

இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணி இந்நிலைகளுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. நம் கதைக்குரியது ‘29 ஆர்’ என்னும் மறுநிலைக் காலம். அது ஏறக்குறைய 6 கோடியே 64 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சுமார் 7 லட்சம் ஆண்டுகள் நீடித்தது. 1970களில் இத்தாலியின் குப்பியோ நகரத்தருகே உள்ள கடற் சுண்ணாம்புப் பாறைகளை ஆராய்ந்தவர்கள், நுண்ணுயிர்களின் பேரழிவு இந்த 29 ஆர் காலத்தின் இடையில் நேர்ந்தது என்று கண்டனர். அவ்வெல்லையில் ஒரு சென்டிமீட்டர் அளவே கனமுள்ள ஒரு களிமண் கோடு இருக்கிறது. அதில் இரிடியம் என்னும் அரிய உலோகம் அளவுக்கு மிஞ்சி இருப்பதை லூயி ஆல்வரஸ், அவர் மகன் வால்டர் ஆல்வரஸ், பிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் ஆகியோர் 1980இல் வெளியிட்டு, விண்ணிலிருந்து ஒரு சிறுகோள் விழுந்ததே அழிவுக்குக் காரணம் என்றனர். மெக்ஸிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் புதைந்து கிடக்கும் சிக்சுலூப் பள்ளம் அவ்வீழ்ச்சியின் வடு என்று 1991இல் எடுத்துக்காட்டப்பட்டது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 180 கிலோமீட்டர்.

கடலின் கதை இவ்வாறு. நிலத்தின் கதை என்ன? இங்கேதான் ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சான் வான் படுகை என்னும் இடத்தில் டைனோசார் எலும்புகள் நிறைந்த ஆற்றுப் படிவுகள் இருக்கின்றன. அவற்றின் காந்தத்தை அளந்த ராபர்ட் பட்லர், எவரெட் லிண்ட்ஸே முதலியோர் 1977இல் தம் முடிவை வெளியிட்டனர். அங்கே டைனோசார்களின் கடைசி எலும்புகள் மறுநிலைப் படிவில் இல்லை. அதற்கு மேலே, அடுத்த நேர்நிலைக் காலத்துப் படிவில் இருந்தன என்று அவர்களுக்குத் தோன்றிற்று. அஃதாவது, கடல் உயிர்கள் மாண்டு பன்னெடுங்காலம் கழிந்த பின்பே டைனோசார்கள் மறைந்தன! இது மெய்யானால், ஒரே அடியில் நிலமும் கடலும் அழிந்தன என்னும் கொள்கைக்கு இடமே இல்லை. அறிஞருலகில் கடும் வாதம் எழுந்தது.

அவ்வாதத்தை முடித்து வைத்ததில் பெரும்பங்கு அதே அறிஞர்களுடையது. தாங்கள் அளந்த பாறைகளையே அவர்கள் மீண்டும் எடுத்து, அவற்றிலுள்ள காந்தக் கனிமங்கள் எவை என்று நுணுகி ஆராய்ந்தனர். பழைய பாறையின்மீது பிற்காலக் காந்தமும் படிவது உண்டு. ஓலைச்சுவடியில் பழைய எழுத்தின்மேல் பிற்காலத்தவர் ஒருவர் மையிட்டு எழுதியது போல என்று கொள்ளலாம். அண்மைக் காலம் நேர்நிலைக் காலம் ஆதலால், அந்தப் பிற்கால எழுத்து எப்பொழுதும் ‘நேர்’ என்றே சொல்லும். அடியில் இருக்கும் ‘மறு’ மறைந்துவிடும். சான் வான் படுகையில் நடந்தது அதுவே. எலும்புகள் இருந்த அந்த நேர்நிலை மெய்யான நேர்நிலை அன்று என்று 1985இல் பட்லரும் லிண்ட்ஸேயும் தாங்களே திருத்தி எழுதினார்கள். தாங்கள் புகழ்பெறக் காரணமாயிருந்த முடிவைத் தாங்களே மறுத்து எழுத எவ்வளவு மன நேர்மை வேண்டும்!

பிற இடங்களின் சான்றுகளும் ஒத்துவந்தன. நியூ மெக்ஸிகோவின் வடபகுதியில், ராட்டன் படுகையின் சதுப்புநிலப் படிவில், 1981இல் அதே இரிடியம் கிடைத்தது. அக்கோட்டில் பல செடிகளின் மகரந்தம் திடீரென்று நின்றுபோக, பெரணி வகைகளின் வித்துக்கள் பெருகுகின்றன. எரிந்த காட்டில் முதலில் தழைப்பவை அவையே. மொன்டானா மாநிலத்தின் ஹெல் க்ரீக் படிவுகளில், டிரானோசாரஸ் போன்ற விலங்குகளின் எலும்புகளுக்கு மேலே உள்ள நிலக்கரிப் படிவின் அடியில் இரிடியம் இருக்கிறது. அந்த எல்லையும் 29 ஆர் காலத்துக்குள்ளேயே அடங்குகிறது. நிலமும் கடலும் ஒரே மணியொலியைக் கேட்டன என்பது உறுதியாயிற்று.

இந்த அளவீடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் கூறவேண்டும். ஆராய்ச்சியாளர் பாறையின் வெட்டுமுகத்தில், அடியிலிருந்து உச்சிவரை, வைரம் பதித்த குழாய்த் துளைப்பானால் விரல் தடிப்புள்ள கல் உருளைகளை எடுக்கிறார்கள். எடுப்பதற்கு முன்பே ஒவ்வோர் உருளையும் எத்திசை நோக்கி, எவ்வளவு சாய்ந்து இருந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். குறிக்காமல் எடுத்த கல் இதற்குப் பயன்படாது. பசால்ட் பாறை அருகே சாதாரணக் காந்த ஊசியே தடுமாறும் ஆதலால், சூரியனின் நிழலைக் கொண்டு திசையை அறியும் கருவியையும் கையாளுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில், வெளிக் காந்தம் புகாதபடி காத்த அறையில், கல்லைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் எஞ்சிய காந்தத்தை அளக்கிறார்கள். பிற்காலத்தில் ஒட்டியது பெரும்பாலும் குறைந்த சூட்டிலேயே நீங்கிவிடும். பிறந்தபொழுது பெற்றது கடைசிவரை நிற்கும். அழுக்கு நீங்க வேண்டும், ஆனால் துணி கிழியக் கூடாது. வண்ணானின் பொறுமை இதற்கு வேண்டும்.

இனி நம் தக்காணத்துக்கு வருவோம். 1950களிலேயே இங்கிலாந்து அறிஞர்களும், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சகஸ்ரபுத்தே முதலியோரும் தக்காணப் பாறைகளின் காந்தத்தை அளந்தனர். ஊசியின் சாய்வு ஓர் அரிய செய்தியைச் சொன்னது. இப்பாறைகள் இறுகியபொழுது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, ஏறக்குறைய 30 டிகிரி அளவில் இருந்தது! கண்டங்கள் நகர்கின்றன என்பதைப் பலர் நகைத்து ஒதுக்கிய காலத்தில் கிடைத்த சான்று இது. மற்றொரு செய்தியும் அப்பாறைகளில் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் மறுநிலை, மேற்பகுதி நேர்நிலை.

1986இல் பிரான்சின் வின்சன்ட் கூர்த்தியோவும் அவர் குழுவினரும் இதன் பொருளை விளக்கினர். எரிமலை பல கோடி ஆண்டுகள் கக்கியிருந்தால், பாறையடுக்கில் திசை பன்முறை மாறியிருக்க வேண்டும். இங்கோ மாற்றங்கள் மிகச் சிலவே. ஆதலால் பெரும்பாலான குழம்பு மிகக் குறுகிய காலத்தில் வெளிவந்தது. அதில் பெரும்பகுதி பேரழிவு நேர்ந்த அந்த 29 ஆர் காலத்தது என்றனர். பின்னர் 2015இலும் 2019இலும் வெளியான நுட்பமான வயதுக் கணிப்புகளும், பெரும்பகுதி ஏறக்குறைய பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் வெளிவந்தது என்றே கூறின. இரண்டு கிலோமீட்டர் கனமுள்ள மலை, பூமியின் வாழ்நாளில் இமைப்பொழுதில் எழுந்திருக்கிறது.

நிலமும் கடலும் கைகோக்கும் இடம் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. ஆந்திரத்தில் ராஜமகேந்திரவரம் அருகே இதே எரிமலைப் பாறைகள் காணப்படுகின்றன. அங்கே இரு குழம்பு அடுக்குகளுக்கு இடையே கடற்படிவுகள் சிக்கியுள்ளன. கீழே மறுநிலை, மேலே நேர்நிலை, இடையில், பேரழிவுக்குப்பின் முதன்முதலாகத் தோன்றிய நுண்ணுயிர்களின் ஓடுகள். நிலத்தின் கணக்கும் கடலின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது. நம் அரியலூர்ப் பகுதியிலும் கல்லமேட்டு மணற்கல்லில் டைனோசார் எலும்புத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதற்கு மேலுள்ள நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல், அவை மறைந்தபின் வந்த கடலின் படிவு.

அப்படியானால் கொன்றது எது? தக்காணத்து நெருப்பா, விண்ணிலிருந்து வந்த கல்லா? காந்தத்தால் மட்டும் இதற்கு விடை கூற இயலாது. ஏழு லட்சம் ஆண்டு நீளமுள்ள ஓர் அறையை அது காட்டுகிறது. நிகழ்ச்சிகள் யாவும் அவ்வறைக்குள் நடந்தன என்கிறது. அறைக்குள் எது முன், எது பின் என்பதைச் சாம்பலிலுள்ள சிர்கான் மணிகளும் பிற கணிப்புகளுமே சொல்லவேண்டும். 2019இல் ஒரே இதழில் வெளியான இரண்டு ஆராய்ச்சிகளில் ஒன்று, பேரழிவுக்குச் சற்று முன்பே ஒரு பெரும் பொங்கல் தொடங்கியது என்றது. மற்றொன்று, குழம்பின் பெரும்பகுதி பேரழிவுக்குப் பின்னரே வெளிவந்தது என்றது. இறுதி அடியைக் கொடுத்தது விண்கல்லே என்பது இன்று பெரும்பாலோர் கொள்கை. எரிமலை வாயுக்கள் காற்றையும் கடலையும் மாற்றி, உயிர்களை முன்னரே தளரச் செய்தனவா என்னும் வாதம் தொடர்கிறது.

எல்லாப் பேரழிவுகளும் ஒரே வகையின அல்ல. ஏறக்குறைய 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இதனினும் பெரிய அழிவு ஒன்று நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் கரூ படுகையில் அக்காலத்து நிலவிலங்குகளின் எலும்புகள் உள்ளன. காந்தத்தையும் சாம்பலின் வயதையும் சேர்த்து ஆராய்ந்த சிலர், அங்கே நிலத்தில் கண்ட மாற்றம் கடலின் அழிவுக்கு முந்தியது என்கின்றனர். மற்றோர் இதை ஏற்கவில்லை. நிலமும் கடலும் எப்பொழுதும் ஒரே வேளையில்தான் அழியும் என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

நேயர்களே, இவ்வளவு பழைய கணக்கு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காற்றில் கரியமில வாயு பெருகினால் உயிர்கள் எவ்வளவு தாங்கும், எவ்வளவு விரைவில் தளரும் என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்க இயலாது. அச்சோதனையைப் பூமி முன்னரே சிலமுறை செய்து, முடிவுகளைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறது. மெல்ல நடந்ததா, விரைந்து நடந்ததா என்பதை அறிய, காலக் கணக்குச் சரியாக இருக்கவேண்டும். அக்கணக்கில் ஒரு தவறான எழுத்து நுழைந்தாலும் என்ன நேரும் என்பதைச் சான் வான் படுகையின் கதையில் பார்த்தோம்.

அடுத்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்பொழுது, போர்க் கணவாயில் வண்டி மெல்ல ஏறும் வேளையில், குழந்தைகளை எழுப்பி அந்தக் கரும்படிகளைக் காட்டுங்கள். அங்குள்ள ஒவ்வொரு கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் உறைந்து கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தெற்கு நோக்கி நிற்கின்றன. டைனோசார்கள் பூமியில் கடைசியாக நடமாடிய நாளில் வடக்கு எங்கே இருந்தது என்பதை அவை இன்னும் மறக்கவில்லை.